தூணுக்குச் சக்கரம் பூட்டியவர்கள்: ஜப்பானின் புறநகர்ப் பேரங்காடிகள்

ஜப்பானுக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்களின் பயணத் திட்டத்தில் புஜி மலை இருக்கும். கியோத்தோவின் பழம்பெரும் கோயில்கள் இருக்கும். தோக்கியோவின் ஷிபுயா சாலைச் சந்திப்பும் தவறாமல் இருக்கும். புறநகர்ப் பேரங்காடி மட்டும் இருக்காது. “பேரங்காடியைப் பார்ப்பதற்கா ஏழு மணி நேரம் விமானத்தில் போக வேண்டும்? கோலாலம்பூரில் இல்லாத பேரங்காடியா?” என்று வீட்டில் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால், இன்றைய ஜப்பானியக் குடும்பம் தன் ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிக்கிறது, எங்கே சாப்பிடுகிறது, முதியவர்கள் எங்கே பொழுதைப் போக்குகிறார்கள் என்பனவற்றை அறிய விரும்புவோர், ஒரு பகலைப் பேரங்காடிக்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் நாம் போய்வரும் பேரங்காடிகளில் சில, அந்தப் புறநகர்களில் பிறந்து வளர்ந்த நிறுவனங்களுடையவை. அங்கே அவை செய்த நன்மையையும் தீமையையும் தெரிந்துகொள்வது நமக்கும் தேவையானதே.

ஜப்பான் முழுவதும் இத்தகைய பேரங்காடிகள் பரவிக் கிடக்கின்றன. எடுத்துக்காட்டுக்காக ஒன்றைப் பார்ப்போம்.

தோக்கியோவுக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், சைத்தாமா மாநிலத்தில் கோஷிகாயா என்னும் நகரம் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 340,000. இங்கே 2008 அக்டோபரில் திறக்கப்பட்டதுதான் ‘ஏயோன் லேக்டவுன்’. ஜப்பானின் மிகப் பெரிய பேரங்காடி என்று பெயர் பெற்றது. தோக்கியோவிலிருந்து தோபு ஸ்கைட்ரீ தடத்தில் ஷின்-கோஷிகாயா வரை வந்து, பக்கத்திலேயே இருக்கும் மினாமி-கோஷிகாயா நிலையத்தில் ஜேஆர் முசாஷினோ தடத்துக்கு மாறினால், அடுத்த நிலையமே கோஷிகாயா-லேக்டவுன். அந்த நிலையமும் 2008 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. அங்காடி வருவதற்குச் சில மாதங்கள் முன்பாகவே ரயில் வந்துவிட்டது.

பெயரில் இருக்கும் ‘லேக்’ அழகுக்காக வைத்தது அன்று. அப்பகுதி ஆறுகளுக்கு இடையே கிடக்கும் தாழ்நிலம். நெல் விளைந்த மண். மழை பெருத்தால் நீர் தேங்கும் இடம். அதனால் வெள்ளநீரைத் தாங்கிக்கொள்ளச் சுமார் 40 ஹெக்டர் பரப்பில் ஒரு நீர்த்தேக்கத்தை வெட்டி, அதன் கரையில் குடியிருப்புகளையும் பேரங்காடியையும் அமைத்தார்கள். நம் இலக்கணப்படி சொன்னால் மருத நிலத்தில் எழுந்த அங்காடி.

அங்காடிக்கு மூன்று பகுதிகள். ஒன்றின் பெயர் ‘கஸே’. காற்று என்று பொருள். மற்றொன்று ‘மோரி’, காடு என்று பொருள். மூன்றாவது, 2011இல் சேர்க்கப்பட்ட கழிவுவிலைக் கடைத்தொகுதி. மொத்தம் 700க்கும் மேற்பட்ட கடைகள். 10,000க்கும் அதிகமான கார்களை நிறுத்த இடம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆகும்.

இந்தக் கடைசிச் செய்தியில்தான் நமக்கும் அவர்களுக்கும் உள்ள முதல் வேறுபாடு தெரிகிறது. நம் நகர மையப் பேரங்காடிகள் மேல்நோக்கி வளர்பவை. ஆறு மாடி, ஏழு மாடி, கீழே இரண்டு தளம் கார் நிறுத்துமிடம். ஜப்பானியப் புறநகர் அங்காடியோ இரண்டு அல்லது மூன்று மாடிகளோடு நின்றுவிட்டு, பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகும். நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் கட்டப்படுவதும், காரில் வருகிறவர்களுக்காகக் கட்டப்படுவதும் இதற்குக் காரணம். லேக்டவுனுக்கு வாசலிலேயே ரயில் நிலையம் வாய்த்தது அதன் பேறு. பெரும்பாலான ஊர்களில் அங்காடி இருப்பது ரயில் நிலையத்திற்குப் பக்கத்தில் இல்லை. ஊருக்கு வெளியே செல்லும் புறவழிச் சாலையின் ஓரத்தில்தான். தோக்கியோவில் இரண்டு வீட்டுக்கு ஒரு கார்கூட இல்லை என்பார்கள். ஆனால், ஜப்பான் கடலோரம் இருக்கும் ஃபுக்குயி போன்ற மாநிலங்களில் வீட்டுக்குச் சராசரி ஒன்றரைக் காருக்கும் மேல் உண்டு. ரயிலில் மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பும் சுற்றுப்பயணிகளின் கண்ணில் இந்த இரண்டாவது ஜப்பான் படுவதே இல்லை.

உள்ளே சென்றால்...

ஜப்பானியர் அமைதியானவர்கள் என்று நம்பிக்கொண்டு உள்ளே நுழைகிறவர்களை வரவேற்பது சத்தம். விற்பனையாளர்கள் “இராஷ்ஷாய்மாசே” என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். கடைக்குக் கடை தனிப்பாட்டு. இறைச்சிப் பிரிவில் ஒரு பாட்டு, மீன் பிரிவில் ஒரு பாட்டு. பதிவு செய்த அதே குரல் அதே தள்ளுபடியைத் திரும்பத் திரும்ப அறிவிக்கும். அரைமணி நேரத்தில் மொழி தெரியாதவர்கூட அந்தப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்.

மோரி பகுதியில் இருக்கும் பெரிய ஏயோன் கடைதான் அங்காடியின் தாய்க்கடை. காய்கறியிலிருந்து காலுறை வரை எல்லாம் அங்கே உண்டு. பொருள் வாங்கிப் பணம் செலுத்தும் முறையை மட்டும் கவனியுங்கள். நம் ஊரில் காசாளரே பையில் போட்டுத் தருவார். அங்கே காசாளர் நம் கூடையிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து, விலையைப் பதிந்து, இன்னொரு கூடையில் அடுக்குவார். கனமானது அடியில், முட்டையும் ரொட்டியும் மேலே. அந்தக் கூடையை நாம் தூக்கிக்கொண்டு போய், தனியே இருக்கும் மேசையில் வைத்து, நாமே நம் பையில் அடுக்கிக்கொள்ள வேண்டும். ஞெகிழிப் பைக்குக் கட்டணம் வாங்குவது 2020 ஜூலையில் நாடு முழுவதும் கட்டாயமானது. பல கடைகளில் மீனும் இறைச்சியும் கெடாமல் வீட்டுக்குக் கொண்டுபோக இலவசமாகப் பனிக்கட்டி எடுத்துக்கொள்ளலாம்.

பணம் செலுத்தும் இடத்தில் திடீரென்று நாய் குரைத்தால் திகைக்க வேண்டாம். ஏயோன் நிறுவனம் 2007இல் கொண்டுவந்த மின்பண அட்டையின் பெயர் ‘வாஓன்’. அட்டையைக் கருவியில் வைத்ததும் அது நாயைப்போல் குரைத்து, பணம் எடுக்கப்பட்டதைத் தெரிவிக்கும். நம் நாய் ‘லொள் லொள்’ என்று குரைக்க, ஜப்பானிய நாய் ‘வான் வான்’ என்று குரைக்கிறது. நாய்க்கும் தாய்மொழி உண்டு போலும்!

மாலை ஏழு மணிக்கு மேல் உணவுப் பிரிவில் ஓர் ஊழியர் ஒட்டுத்தாள்களோடு வருவார். அன்றைக்குச் செய்த சோற்றுப் பொட்டலங்கள், சுஷி, பொரியல் வகைகள் ஆகியவற்றின் மீது முதலில் 20 விழுக்காடு தள்ளுபடித் தாள், பிறகு 30, இறுதியில் ‘ஹங்காக்கு’, அதாவது பாதி விலை. அவர் பின்னாலேயே சிலர் பொருள் தேடுவதுபோல் நடந்து வருவார்கள். அவர்களில் பாதிப் பேர் மாணவர்களாக இருப்பார்கள். இந்தக் கலையை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

உணவு வளாகத்தில் ஞெகிழியால் செய்த மாதிரி உணவுகள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். விரலால் சுட்டிக் காட்டினால் போதும். உணவுக்குப் பணம் கட்டியதும் கையில் ஒரு சிறு கருவியைத் தருவார்கள். உணவு தயாரானதும் அது அதிர்ந்து ஒலிக்கும். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே திருப்பி வைத்து, மேசையையும் துடைத்துவிட்டுச் செல்ல வேண்டும். வரிக் கணக்கும் வேடிக்கையானது. 2019 அக்டோபரில் விற்பனை வரியை 10 விழுக்காடாக உயர்த்தியபோது, உணவுப் பொருளுக்கு மட்டும் 8 விழுக்காடு என்று நிறுத்தினார்கள். அதன்படி, அதே உணவை எடுத்துச் சென்றால் 8, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 10.

சைவ உணவினர் கவனமாக இருக்க வேண்டும். காய்கறி மட்டுமே மிதக்கும் ஊடோன் சூப்பின் சாறுகூடப் பெரும்பாலும் உலர்ந்த மீன்துருவலில் எடுத்ததாக இருக்கும். நம் பசிக்குப் பழகிய பெயர் ஒன்று வேண்டுமென்றால் ‘கரே’ கடையைத் தேடலாம். நம் ‘கறி’ ஆங்கிலேயர் வாய்வழியாகப் போய் அங்கே ‘கரே’ ஆகிவிட்டது. சுவையில் உறவு மிகத் தொலைவு; அதிலும் இறைச்சிச் சாறு கலந்திருக்கக்கூடும்.

கடை மூடும் நேரம் நெருங்கும்போது ஒலிபெருக்கியில் மெல்லிய இசை வரும். புத்தாண்டு நள்ளிரவில் ஆங்கிலத்தில் பாடப்படும் அந்தப் பழைய ஸ்காட்லாந்து மெட்டுத்தான். ஜப்பானில் அது பள்ளி நிறைவு விழாக்களில் பாடும் பிரியாவிடைப் பாட்டு. அதைக் கேட்டால், யாரும் சொல்லாமலேயே மக்கள் வாசலை நோக்கி நடக்கத் தொடங்குவார்கள்.

கடைகள் மட்டுமே என்றால் எழுதுவதற்கு இவ்வளவு இல்லை. பல பேரங்காடிகளில் மருந்தகமும் பல் மருத்துவரும் உண்டு. இசை வகுப்பு, நகராண்மைக் கழகத்தின் முகப்பிடம் ஆகியவையும் உண்டு. தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களிக்கும் முறை 2003இல் நடப்புக்கு வந்தபின், அங்காடிக்குள்ளேயே வாக்குச் சாவடி வைப்பதும் வழக்கமாகிவிட்டது. தோக்கியோவின் கசாய் பகுதியில் இருக்கும் ஏயோன் கடையை 2013இல் முதியோருக்காகவே மாற்றி அமைத்தார்கள். அது காலை ஏழு மணிக்கே திறக்கும். வானொலி இசைக்கேற்ற உடற்பயிற்சி நடக்கும். கட்டடத்துக்குள்ளேயே நடைப்பயிற்சிக்கு வழி குறித்திருக்கிறார்கள். 2011 மார்ச்சில் ஆழிப்பேரலை வடகிழக்குக் கரையைத் தாக்கியபோது, இஷினோமாக்கி நகரின் ஏயோன் பேரங்காடி வீடிழந்த மக்களுக்குப் புகலிடமானது. பொருளை விற்கும் தளத்தில் மக்கள் போர்வை விரித்துப் படுத்தார்கள்.

ஒரு காலத்தில் இவற்றையெல்லாம் ஊர்க் கடைத்தெரு செய்துவந்தது. அந்தக் கடைத்தெருவுக்கு என்ன நேர்ந்தது?

நரி உலவும் இடத்தில் கடை

ஏயோன் நிறுவனத்தின் வேர் 1758இல் யொக்கைச்சி என்ற ஊரில் தொடங்கிய ஒரு துணி வணிகம். ஒகாதா குடும்பத்தினருடையது. அந்தக் குடும்பம் வழிவழியாகச் சொல்லிவந்த அறிவுரை ஒன்று உண்டு: வீட்டின் நடுத்தூணுக்குச் சக்கரம் பூட்டு. மரவீட்டில் நடுத்தூண் என்பது அசையவே கூடாத ஒன்று. அதற்கே சக்கரம் பூட்டச் சொல்கிறது அறிவுரை. மக்கள் எங்கே நகர்கிறார்களோ, கடையும் அங்கே நகர வேண்டும் என்பது கருத்து. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒகாதா தக்குயா, 1969இல் வேறு இரு வணிகர்களோடு இணைந்து ‘ஜஸ்கோ’வை உருவாக்கினார். நரியும் மரநாயும் உலவும் இடத்தில் கடை திற என்பது அந்நிறுவனத்தில் வழங்கியதாகச் சொல்லப்படும் இன்னொரு வாக்கு. ஊருக்குள் போட்டி மிகுதி, நிலமும் விலை; இன்று வெறும் வயலாகக் கிடக்கும் இடத்துக்கு நாளை சாலை வரும், சாலை வந்தால் கார் வரும் என்ற கணக்கு அது.

‘ஜெயா ஜஸ்கோ’ என்ற பெயர் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அன்றைய பிரதமர் மகாதீரின் அழைப்பின் பேரில் 1984இல் மலேசியாவில் பதிவான நிறுவனம் அது. முதல் கடை 1985இல் டாயாபூமியில் திறந்தது. 1989இல் தாமான் மாலுரிக்குப் போனது. பிறகு ஒவ்வொரு புதிய தாமானாகத் தொடர்ந்தது. 2012இல் கடைகளின் பெயர் ஏயோன் ஆனது. தூணின் சக்கரம் கடல் கடந்தும் உருண்டிருக்கிறது.

ஜப்பானின் முதல் முழுமையான புறநகர் அங்காடியாகப் பலரும் குறிப்பிடுவது, தோக்கியோவின் மேற்கு விளிம்பில் 1969 நவம்பரில் திறந்த தமகாவா தக்காஷிமாயா. 1981இல் ஃபுனாபாஷியில் ‘லாலாபோர்ட்’ வந்தது. அதே பெயரிலான அங்காடி ஒன்று 2022இல் கோலாலம்பூரிலும் திறக்கப்பட்டிருக்கிறது. ஆனால், 1990ஆம் ஆண்டு வரை இத்தகைய அங்காடிகள் பல்கிப் பெருகவில்லை. ஒரு சட்டம் தடுத்துக்கொண்டிருந்தது.

1973இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடப்புக்கு வந்த பெருங்கடைச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட கடையைத் திறக்க விரும்புவோர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பிறகு உள்ளூர் வணிகர்கள் இடம்பெற்ற குழு ஒன்று கூடிப் பேசும். கடை எவ்வளவு பெரிதாக இருக்கலாம், மாலை எத்தனை மணிக்கு மூட வேண்டும், ஆண்டுக்கு எத்தனை நாள் விடுமுறை விட வேண்டும் என்பவை எல்லாம் அங்கே பேசப்படும். போட்டியாளரிடமே போய் அனுமதி கேட்பது போன்றது அது. தொடக்கத்தில் 1,500 சதுர மீட்டராக இருந்த வரம்பு, 1970களின் இறுதியில் 500 சதுர மீட்டராகக் குறைந்தது. ஒரு பெரிய கடை திறக்க ஏழெட்டு ஆண்டுகள் காத்திருந்ததும் உண்டு.

இச்சட்டத்தை ஒரேயடியாகப் புகழவும் முடியாது, இகழவும் முடியாது. சிறுகடைகள் பிழைத்தன. ஆனால், பகலெல்லாம் வேலைக்குச் சென்று மாலையில் திரும்பும் பெண்ணுக்குக் கடை மூடியிருந்தது. பொருள்களின் விலையும் குறையவில்லை.

சட்டத்தை அசைத்தது வெளிநாட்டு அழுத்தம். 1989, 1990ஆம் ஆண்டுகளில் நடந்த வணிகப் பேச்சுகளில், தன் பொருள்களும் கடைகளும் ஜப்பானுக்குள் நுழைய இச்சட்டம் தடையாக இருக்கிறது என்று அமெரிக்கா வற்புறுத்தியது. விதிகள் தளர்ந்தன. 1991 டிசம்பரில் இபராக்கி மாநிலத்தில் ‘டாய்ஸ் ஆர் அஸ்’ பொம்மைக் கடை திறந்தது. அடுத்த மாதமே நாரா மாநிலத்தின் காஷிஹாரா நகரில் திறந்த இரண்டாவது கடைக்கு, அப்போதைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் நேரில் வந்தார். பொம்மைக் கடைத் திறப்புக்கு ஒரு வல்லரசின் அதிபர் வருகிறார் என்றால், அந்தக் கடைக்குப் பின்னால் இருந்த கணக்கை ஊகித்துக்கொள்ளலாம். 2000ஆம் ஆண்டில் சட்டமே நீக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த புதிய சட்டம் போக்குவரத்து நெரிசல், சத்தம், குப்பை ஆகியவற்றை மட்டுமே கேட்டது. பக்கத்துக் கடைக்காரரின் பிழைப்பைப் பற்றி அது கேட்கவில்லை. வயதாகிவிட்ட விவசாயிகளும், மகன் நகரத்துக்குப் போய்விட்ட விவசாயிகளும் நிலத்தைக் குத்தகைக்கு விடத் தயாராக இருந்தார்கள். வயல்கள் கார் நிறுத்துமிடங்களாயின.

மூடிய கதவுகளின் தெரு

ஜப்பானிய மொழியில் புதிதாக ஒரு சொல் பிறந்தது. ‘ஷத்தாகாய்’. கடைகளை மூடும் இரும்புச் சுருட்கதவைக் குறிக்கும் ‘ஷட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு, தெருவைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லை இணைத்தது. இரயில் நிலையத்தின் எதிரே, மேலே கூரை போட்ட நீண்ட கடைத்தெரு. இரண்டு பக்கமும் பகலிலேயே இழுத்துவிடப்பட்ட கதவுகள். சிறு நகரங்களுக்குப் போனால் இக்காட்சியைக் காணாமல் திரும்ப முடியாது. 1982இல் ஜப்பானில் இருந்த சில்லறைக் கடைகள் ஏறத்தாழ 1.72 மில்லியன். 2016ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அது ஒரு மில்லியனுக்கும் கீழே இறங்கிவிட்டது.

பழி முழுவதையும் பேரங்காடியின் மீது போடுவது முறையாகாது. அப்பாவின் மீன்கடையில் உட்கார மகனுக்கு விருப்பமில்லை. கடையை மூடிய முதியவர் அதன் மாடியிலேயே குடியிருப்பதால், கீழ்த்தளத்தை வாடகைக்கு விடவும் அவருக்கு மனம் வருவதில்லை. மக்கள்தொகையும் குறைகிறது. ஆனாலும், நலிந்துகொண்டிருந்த தெருவுக்குக் கடைசி அடி எங்கிருந்து விழுந்தது என்று கேட்டால், உள்ளூர் வணிகர்கள் புறவழிச் சாலையைத்தான் காட்டுவார்கள்.

2004இல் மியுரா அத்சுஷி என்ற ஆய்வாளர் இன்னொரு சொல்லைப் பரப்பினார். ‘ஃபூதோ’ என்பது ஜப்பானிய மொழியில் ஒரு நிலத்தின் மண், தட்பவெப்பம், அதனால் அமைந்த வாழ்க்கை எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கும். தொல்காப்பியம் படித்த நமக்குத் திணை என்றால் விளங்கும். துரித உணவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு அதைச் சிலேடையாக்கி, ‘துரிதத் திணை’ என்னும் பொருள்பட ஒரு தொடரை அவர் அமைத்தார். வடக்கே அவோமோரிக்குப் போனாலும் தெற்கே ககோஷிமாவுக்குப் போனாலும் ஒரே மாதிரி அங்காடி, ஒரே பெயர்ப்பலகை, ஒரே உணவு. நிலத்துக்கு நிலம் இருந்த வேறுபாடு அழிகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. அவோமோரியின் ஓர் உட்புறச் சிற்றூரில் பிறந்த பதினாறு வயதுப் பெண்ணுக்கு, தோக்கியோவில் கிடைக்கும் அதே உடையையும் புத்தகத்தையும் திரைப்படத்தையும் கொண்டுவந்து சேர்த்தது அந்த ஒரே மாதிரி அங்காடிதான். அவளைக் கேட்காமல் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஆனால் அவளுடைய பாட்டியையும் கேட்க வேண்டும். தெருமுனைக் காய்கறிக்கடை மூடிவிட்டது. பேரங்காடிக்குப் போகக் கார் வேண்டும். ஒபிஹிரோவில் பணியாற்றிய பேராசிரியர் சுகிதா சத்தோஷி 2008இல் எழுதிய நூலுக்கு வைத்த பெயர், ‘கைமோனோ நன்மின்’. பொருள் வாங்க வழியற்ற அகதிகள் என்று பொருள். போரோ புயலோ இல்லாமல், தன் வீட்டில் இருந்துகொண்டே அகதியாவது எப்படி என்பதை அந்த இரண்டு சொற்கள் சொல்லிவிட்டன. 2010இல் ஜப்பானியப் பொருளாதார அமைச்சு இத்தகையோரின் எண்ணிக்கை சுமார் 6 மில்லியன் என மதிப்பிட்டது. சில ஆண்டுகளில் அம்மதிப்பீடு 7 மில்லியனானது. முதிய ஓட்டுநர்களால் நேர்ந்த விபத்துகள் பெரிதாகப் பேசப்பட்ட 2019ஆம் ஆண்டில் மட்டும், ஏறத்தாழ 600,000 பேர் தங்கள் ஓட்டுநர் உரிமத்தைத் தாங்களாகவே திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் செய்தது நல்ல செயல். ஆனால், சாலையோர அங்காடியை மட்டும் நம்பியிருக்கும் ஊரில், உரிமத்தைக் கொடுப்பதும் சந்தையைக் கைவிடுவதும் ஒன்றே.

அரசும் விழித்துக்கொண்டது, சற்றுத் தாமதமாக. 2006இல் நகரத் திட்டமிடல் சட்டத்தைத் திருத்தி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் எழக்கூடிய இடங்களைச் சில வட்டாரங்களுக்குள் சுருக்கினார்கள். அதே ஆண்டில் தொயாமா நகரம் பழைய ரயில் தடமொன்றை இலகு ரயிலாக மாற்றி ஓடவிட்டது. முதியோர் 100 யென் கட்டணத்தில் நகர மையத்துக்கு வந்துபோகச் சலுகையும் தந்தது. 2012இல் தொக்குஷிமாவில் தொடங்கிய ‘தொக்குஷிமாரு’, சிறு லாரியில் அரிசி, மீன், காய்கறி, தோஃபு எல்லாம் ஏற்றிக்கொண்டு முதியோரின் வாசலுக்கே வருகிறது. தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் பெற்றோருக்கு, மீனும் காய்கறியும் ஏற்றி லயத்துக்கு வந்த வண்டி நினைவுக்கு வரலாம்.

பேரங்காடியும் சாகாவரம் பெற்றதன்று. ஷிகா மாநிலத்தில், பிவா ஏரிக்கரையில், 2008 செப்டம்பரில் ‘பியேரி மோரியாமா’ என்ற அங்காடி ஏறத்தாழ 200 கடைகளோடு திறந்தது. இரண்டே மாதத்தில் பக்கத்து நகரான குசாத்சுவில் ஏயோன் அங்காடி திறந்தது. 2010இல் அருகிலுள்ள ரியுஓவில் கழிவுவிலைக் கடைத்தொகுதியும் வந்தது. மோரியாமாவில் கடைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. ஆனால் அங்காடியை மூடவில்லை. விளக்குகள் எரிந்தன, மின்படிகள் ஓடின, இசை ஒலித்தது, விற்பதற்கு ஒரு சில கடைகள் மட்டுமே மிஞ்சின. ‘வெளிச்சமான பாழிடம்’ என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்தது. 2014 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்தபின் அது மீண்டும் உயிர்பெற்றது. எல்லா அங்காடிக்கும் அந்தப் பேறு கிடைப்பதில்லை. கடைத்தெருவை மூடவைத்த அங்காடியும் மூடிவிட்டால், அந்த ஊரார் அடுத்த ஊருக்குத்தான் காரை ஓட்ட வேண்டும்.

லேக்டவுனுக்குப் போக விரும்புவோருக்குச் சில சொற்கள். வார நாளில் செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை உணவு வளாகத்தில் இடம் பிடிப்பதற்குள் பசி போய்விடும். ஒவ்வொரு மாதமும் 20, 30ஆம் நாள்களில் ஏயோன் கடைகளில் அட்டைக்காரர்களுக்கு 5 விழுக்காடு தள்ளுபடி என்பதால், அன்றும் கூட்டம் அதிகம். நல்ல காலணி அணிந்துகொள்ளுங்கள். அரைநாளை அங்காடிக்கு வைத்துக்கொண்டு, மீதி அரைநாளைக் கோஷிகாயாவின் பழைய ஊருக்கு ஒதுக்குங்கள். ஷின்-கோஷிகாயாவிலிருந்து தோபு தடத்தில் வடக்கே ஒரே நிலையம். தோக்கியோவிலிருந்து நிக்கோவுக்குப் போகும் பழைய பெருவழியில் மூன்றாவது தங்குமிடமாக இருந்த ஊர் அது. வழிப்போக்கர்களும் வணிகர்களும் நடந்த அந்தச் சாலை இன்று சாதாரணத் தெருவாக இருக்கிறது. சில மரவீடுகளும் தடித்த சுவர்கொண்ட பண்டகசாலைகளும் மிஞ்சியிருக்கின்றன. தராசு விற்ற ஒரு வணிகரின் நூறாண்டுக்கும் மேற்பட்ட வீட்டைச் செப்பனிட்டு, உள்ளே உணவகமும் சிறு கடைகளும் வைத்திருக்கிறார்கள். பெயர் ‘ஹக்காரியா’, தராசுக்கடை என்று பொருள். கூரையைத் தாங்கும் தூண்கள் பழைய மரம்தான். நின்ற இடத்திலேயே நிற்கின்றன.